ஸ்டெனோ விசைப்பலகையை நாமே கட்டுவதும் திருத்துவதும்

பேச்சின் வேகத்திலேயே சொற்களைப் பதிவு செய்யும் ஸ்டெனோ இயந்திரத்தைச் சொந்தமாகக் கட்டுவது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் அளவுக்குக் கடினமான வேலை அன்று. சாதாரண விசைப்பலகையில் நூறு விசைகள் வரை இருக்க, இதற்கு 23 விசைகள் போதும். மின்சுற்று எளியது; இயந்திரத்துக்குள் இருந்து அதை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரும் கணினியில் ஓடும் மென்பொருளும் ஏற்கெனவே பிறரால் எழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பொறுப்பில் எஞ்சுவது ஒரே கேள்விதான்: ஒரு விரல் இரண்டு விசைகளை, சில நேரம் நான்கு விசைகளை, ஒரே அழுத்தில் தயக்கமில்லாமல் அழுத்த முடிகிறதா? விசையின் எடை, உயரம், இடைவெளி ஆகிய மூன்றும் சரியாக அமையாத இயந்திரம், எவ்வளவு அழகாகச் சாலிடர் செய்யப்பட்டிருந்தாலும், அலமாரிக்குத்தான் போய்ச் சேரும். எனவே இந்த வழிகாட்டியில் மின்சுற்றைச் சுருக்கமாகவும் விரலைப் பற்றிய பகுதியை விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

ஸ்டெனோவில் எழுத்து எழுத்தாகத் தட்டுவதில்லை. ஹார்மோனியத்தில் சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது போல, ஓர் அசைக்கோ ஒரு முழுச் சொல்லுக்கோ உரிய விசைகளை ஒன்றாக அழுத்தி ஒன்றாக விடுவிக்கிறோம். இடக்கை சொல்லின் தொடக்க மெய்யொலியையும், கட்டைவிரல்கள் உயிரொலியையும், வலக்கை இறுதி மெய்யொலியையும் தருகின்றன. இடப்பக்கத்துக் ‘கே’, கட்டைவிரலின் ‘ஏ’, வலப்பக்கத்து ‘டி’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முழுதாகத் திரையில் வந்து விழும். எல்லா விசைகளும் மேலே திரும்பிய பிறகுதான் இயந்திரம் அந்தக் கூட்டத்தை ஓர் அடியாகக் கணக்கில் எடுத்துக் கணினிக்கு அனுப்புகிறது. விசைகள் அழுத்தப்பட்ட வரிசை அதற்கு ஒரு பொருட்டே அன்று. அமெரிக்காவில் நீதிமன்றப் பதிவாளர்களுக்கான ஆர்பிஆர் சான்றிதழ்த் தேர்வில், சாட்சி விசாரணைப் பகுதியை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். எழுத்து எழுத்தாகத் தட்டும் கை அந்த வேகத்தை எட்டாது. இந்த முறை எட்டுகிறது.

இன்று ஆங்கில ஸ்டெனோவில் வழங்கும் விசை அமைப்பு, வார்டு ஸ்டோன் அயர்லாந்து என்ற அமெரிக்க நீதிமன்றப் பதிவாளர் 1910களில் உருவாக்கிய இயந்திரத்திலிருந்து வந்தது. கட்டுபவர் மனத்தில் இருத்த வேண்டியது எழுத்துகளை அல்ல, இருப்பிடங்களை. இடக்கையின் சுண்டுவிரலுக்கு உயரமான ஒரே விசை. அதை அடுத்த மூன்று விரல்களுக்கும் மேலொன்று கீழொன்றாக ஆறு விசைகள். நடுவில் நட்சத்திரக் குறி விசை. வலக்கையில் மேலும் கீழுமாக ஐந்து ஜோடிகள், அதாவது பத்து விசைகள். கட்டைவிரல்களுக்கு இரண்டிரண்டாக நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே எண்களுக்கான நீளப் பட்டை. மொத்தம் 23. வலக்கையில் விரல் நான்கு, ஜோடிகள் ஐந்து என்பதைக் கவனியுங்கள். கடைசி இரண்டு ஜோடிகளும் சுண்டுவிரலின் பொறுப்பு. பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எந்த விசைக்கு எந்த ஒலி என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. பிளோவர் என்ற திறந்த மூல மென்பொருள், செருகுநிரல் வழியாக வேறு மொழிகளின் அமைப்புகளையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே தமிழ் ஒலிகளுக்கென்று தனி அமைப்பு வகுத்துப் பார்க்க விரும்புகிறவரும் இதே வன்பொருளை வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

கட்டும் முன் ஒரு சோதனை

எதையும் வாங்கும் முன்பு, கையிலிருக்கும் விசைப்பலகையிலேயே பிளோவரை நிறுவிச் சில வாரம் பழகுங்கள். 2010இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், அதுவரை தொழில்முறை இயந்திரங்களுக்குள்ளும் விலையுயர்ந்த மென்பொருள்களுக்குள்ளும் அடைபட்டிருந்த ஸ்டெனோவைப் பொழுதுபோக்காளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. பிளோவரின் அமைப்பில் சாதாரண விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால், அதன் மேல் எழுத்து வரிசையும் நடு எழுத்து வரிசையும் ஸ்டெனோவின் இரு வரிசைகளாக மாறும். ‘சி’, ‘வி’ இரண்டும் இடக் கட்டைவிரலுக்கு, ‘என்’, ‘எம்’ இரண்டும் வலக் கட்டைவிரலுக்கு. ‘டி’, ‘ஒய்’, ‘ஜி’, ‘ஹெச்’ நான்கும் நட்சத்திர விசை. எண் வரிசை முழுவதும் எண் பட்டை.

இங்கே முதல் தடை எதிர்ப்படும். மலிவான பலகைகளில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது மூன்றாவதோ நான்காவதோ பதிவாகாது. யுஎஸ்பி வழியாக ஒரே நேரத்தில் ஆறு எழுத்து விசைகளுக்கு மேல் அனுப்பாத பலகைகளும் உண்டு. ஓர் உரைக் கோப்பைத் திறந்து, பிளோவரை அணைத்துவிட்டு, இரு கைகளாலும் எட்டுப் பத்து விசைகளை ஒன்றாக அழுத்திப் பாருங்கள். அத்தனை எழுத்துகளும் வந்தால் அந்தப் பலகை போதும். வராவிட்டால், பிளோவரின் அமைப்பில் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறுதியில் இடைவெளி விசையால் அனுப்பும் வசதி இருக்கிறது. அதில் வேகம் வராது. ஆனால் ஸ்டெனோ நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இந்தச் சோதனையில் கிடைக்கும் இன்னோர் அறிவு, எது வலிக்கிறது என்பது. சாதாரணப் பலகையின் மேல் வரிசையும் நடு வரிசையும் நேருக்கு நேர் இருப்பதில்லை. கால் விசை அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், ஒன்றுக்கொன்று விலகியிருக்கும். அதோடு விசைமூடிகள் மேலே போகப் போகக் குறுகுவதால், அடியில் ஒட்டியிருக்கும் இரு விசைகளுக்கிடையே உச்சியில் பள்ளம் விழுந்திருக்கும். ஒரே விரலால் இரண்டையும் அழுத்த முயன்றால் விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். சொந்தமாகக் கட்டும் ஆசை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. உடனே கட்டும் எண்ணமில்லாதவர், அக்ரிலிக் துண்டுகளை வெட்டி இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் விசைமூடிகள் மேல் ஒட்டிவிட்டால் பள்ளம் மறையும். இது பலரும் கையாளும் எளிய முதல் திருத்தம். பிடிக்காவிட்டால் சேதமின்றிப் பிய்த்துவிடலாம்.

இடவமைப்பை அட்டையில் வரைதல்

ஒரு தடித்த அட்டையில் இரு கைகளையும் இயல்பாக, தோள்கள் தளர்ந்த நிலையில் வைத்து, விரல் நுனிகள் படும் இடத்தைப் புள்ளியிடுங்கள். ஸ்டெனோவில் விரலின் ஓய்விடம் விசையின் நடுப்பகுதி அன்று. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையிலான கோடு. எனவே நீங்கள் இட்ட புள்ளிகள் அந்தக் கோட்டில் விழ வேண்டும். கட்டைவிரலின் ஓய்விடமும் அதற்குரிய இரண்டு விசைகளின் இடைக்கோடுதான். கட்டைவிரல் விசைகளை எவ்வளவு கீழே வைப்பது என்பதில் கைக்குக் கை வேறுபாடு அதிகம். பிறருடைய வரைபடத்தை அப்படியே எடுத்தாள்பவர்கள் இந்த ஓர் இடத்தையாவது தங்கள் கைக்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது.

வரிசைகள் நேராக, மேல் விசைக்கு நேர் கீழே கீழ் விசை என்று கட்டம் போல அமைய வேண்டும். விசைமூடியின் அடியில் இருக்கும் சுவிட்சுகளில், செர்ரி எம்எக்ஸ் வகைக்கு ஒரு விசையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 19.05 மில்லிமீட்டர் தள்ளியிருப்பது வழக்கம். உயரம் குறைந்த கைல் சாக் வகையில், பக்கவாட்டில் 18, மேல்கீழாக 17 மில்லிமீட்டர் வைத்தே நெருக்கமாக அமைக்கலாம். ஒரு விரல் இரண்டு விசைகளைத் தாங்கும் வேலைக்கு நெருக்கம் உதவும் என்பதால் புதிதாகக் கட்டுபவருக்குச் சாக் வகையையே நான் பரிந்துரைப்பேன். எம்எக்ஸ் சுவிட்சுகளை வைத்துக் கட்டப்பட்ட, 48 விசைகள் கொண்ட பிளாங்க் போன்ற கட்ட வடிவப் பலகை ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் திருத்துவதே போதும். ஸ்டெனோவுக்காக இன்னொன்று வாங்க வேண்டியதில்லை.

நீளமான எண் பட்டை பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் ஓர் ஓரத்தில் அழுத்தினால் மறு ஓரம் எழும்பும், அதைத் தடுக்கக் கம்பித் தாங்கி வேண்டும். அதற்குப் பதிலாக மேல் வரிசைக்கு மேலே தனித்தனி விசைகள் இரண்டையோ நான்கையோ வைத்து, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைத்துவிடலாம். இடச் சுண்டுவிரலின் உயரமான விசைக்கும் இதே உபாயம் பொருந்தும். இரண்டு சுவிட்சுகள் மேல் ஒரே நீள மூடியைப் போட்டால், கையின் பலவீனமான விரல் இரண்டு ஸ்பிரிங்குகளை எப்போதும் சேர்த்தே அழுத்த வேண்டியிருக்கும். தனித்தனி மூடிகளாக வைத்து மின்சுற்றில் மட்டும் ஒன்றாக்கினால் எதன் மேல் விரல் பட்டாலும் போதும்.

எடை

சாதாரணத் தட்டச்சில், அழுத்த 45 கிராம் பலம் கேட்கும் விசை மென்மையானது. செர்ரியின் சிவப்புச் சுவிட்ச் ஏறக்குறைய அந்த அளவு; 2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும், முழு இறக்கம் 4 மில்லிமீட்டர். ஸ்டெனோவில் இந்தக் கணக்கு செல்லாது. பத்து விசை கொண்ட ஓர் அடிக்கு அந்தச் சுவிட்சில் 450 கிராம் வேண்டும்; வலச் சுண்டுவிரல் தன் நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தும்போது அந்த ஒரு விரல் மட்டும் 180 கிராம் தள்ள வேண்டும். விசை அடிமட்டம் வரை போகும்போது எடை இதற்கும் மேலே ஏறும். இதை மணிக்கணக்கில் செய்தால் முன்கை வலிக்கத்தான் செய்யும்.

எனவே 20 முதல் 35 கிராமுக்குள் இருக்கும் சுவிட்சுகளைத் தேடுங்கள். சாக் வகையில் இப்படிப்பட்ட இலேசான சுவிட்சுகள் நேரடியாகவே கிடைக்கின்றன. எம்எக்ஸ் வகையாக இருந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். சுவிட்சைப் பலகையிலிருந்து எடுத்து, மேல் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு கொக்கிகளையும் திறப்பானால் ஒரே நேரத்தில் விலக்கி, பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதியதை அடிப்பகுதியின் நடுத்தண்டில் நிறுத்தி, தண்டின் கால்கள் உலோகத் தகட்டைப் பார்த்திருக்குமாறு வைத்து மூட வேண்டும். கால்கள் எதிர்ப்புறம் திரும்பினாலும் மேல் மூடி பொருந்திவிடும், ஆனால் சுவிட்ச் வேலை செய்யாது. மின்சுற்றுப் பலகையில் (பிசிபி) ஏற்கெனவே சாலிடர் செய்யப்பட்ட சுவிட்சுகளைக் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சுவிட்சைச் செருகி எடுக்கும்படியான சாக்கெட் கொண்ட பலகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பாடு இல்லை.

இலேசு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 20 கிராம் விசையின் மேல் விரல் ஓய்வாகக் கிடந்தாலே சிலருக்கு அது இறங்கிவிடும். விருப்பமில்லாத விசைகள் அந்த அடியோடு கலந்து, வேறு சொல் விழும். முப்பரிமாண அச்சில் எடுத்த கனமான மூடியும் இலேசான ஸ்பிரிங்கின் மேல் பாரமாக உட்கார்ந்து, விசை மேலே திரும்புவதைத் தாமதப்படுத்தும். எல்லா விசைகளும் திரும்பிய பிறகுதான் அடி பதிவாகும் என்பதால், சோம்பலாகத் திரும்பும் ஒரே ஒரு விசை இரண்டு அடிகளை ஒன்றாக ஒட்டிவிடும். என் பரிந்துரை, எல்லாவற்றிலும் 35 கிராமில் தொடங்கி, சுண்டுவிரல் விசைகளை மட்டும் அதைவிட இலேசாக்குவது. ஒரே பலகையில் இரண்டு மூன்று எடைகள் கலந்திருப்பதில் குறையொன்றும் இல்லை.

நடுவில் தடை உணர்வு தரும் சுவிட்சுகளையும் சொடுக்கொலி தரும் சுவிட்சுகளையும் தவிர்க்கலாம். நான்கு விசைகளின் தடைகள் ஒரே கணத்தில் வருவதில்லை. விரலின் கீழ் அவை கரடுமுரடாகத் தெரியும். தடையே இல்லாத நேரியல் வகைதான் இங்கு ஏற்றது.

விசையின் மேற்பரப்பு

பெரும்பாலான கட்டுமானக் குறிப்புகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் இயந்திரத்தின் குணத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

எந்த விசைகளை ஒரே விரல் சேர்த்து அழுத்துமோ அவற்றுக்கிடையே இடைவெளி மிகக் குறைவாகவும், எந்த விசைகள் வெவ்வேறு விரல்களுக்கு உரியவையோ அவற்றுக்கிடையே சற்றுத் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் போதும். கட்டைவிரலின் இரு விசைகளுக்கு இடையிலும் அப்படியே. வலச் சுண்டுவிரலின் நான்கு விசைகள் கூடும் சந்திப்பில் நான்கு பக்கமும் அதே நெருக்கம் வேண்டும்; ஏனெனில் அந்த விரல் சில நேரம் மேல் இரண்டை மட்டும், சில நேரம் ஒரு ஜோடியை மட்டும், சில நேரம் நான்கையும் அழுத்தும். மற்ற இடங்களில், பக்கத்து விரலின் விசையை விரலின் ஓரம் தொட்டுவிடாதபடி, மூடியின் அகலத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

மூடியின் முகம் தட்டையாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் மூடிகளில் பல நடுவில் குழிந்தவை. குழிந்தால் ஓரம் உயரும், உயர்ந்த இரண்டு ஓரங்கள் இடைக்கோட்டில் சந்தித்து விரலை உறுத்தும். மேல் வரிசை மூடியும் கீழ் வரிசை மூடியும் இடைக்கோட்டை நோக்கி மிகச் சிறிதளவு சரிந்து, அங்கே ஓர் ஆழமில்லாப் பள்ளம் அமையுமானால் அது தட்டையைவிடவும் நல்லது. விரல் தானாக ஓய்விடத்தில் வந்து உட்காரும். வலக்கையின் கடைசி ஜோடியின் விளிம்பில் ஒரு சிறு புடைப்பு வைத்தால், சுண்டுவிரல் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே தெரியும்.

எல்லா மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதைப் பார்க்க, ஓர் இரும்பு அளவுகோலை வரிசையின் மேல் படுக்க வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கீழே வெளிச்சம் கசியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்ந்திருக்கும் மூடியை மணல்தாளில் தேய்க்கலாம். தாழ்ந்திருப்பதைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை என்பதால், மூடிகளை முப்பரிமாண அச்சில் எடுக்கும்போதே சற்று உயரமாக எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் அச்சிடும் முன்பு ஒரே ஒரு மூடியை மட்டும் அச்சிட்டுச் சுவிட்சில் பொருத்திப் பாருங்கள். சாக் மூடியின் அடியிலுள்ள இரண்டு மெல்லிய கால்கள், அச்சின் அடுக்குகள் அவற்றுக்குக் குறுக்காக அமைந்தால் பொருத்தும்போதே முறியும். மூடியைப் பக்கவாட்டில் நிறுத்தி அச்சிட்டால் அடுக்குகள் காலின் நீளவாக்கில் ஓடும், பலம் கூடும்.

மின்சுற்று

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் பயன்படுத்தத்தக்க பின்கள் (கம்பி இணைக்கும் கால்கள்) 26 உண்டு. 23 விசைகளுக்கு ஆளுக்கொரு பின் கொடுத்த பிறகும் மூன்று மிஞ்சும். ஒவ்வொரு சுவிட்சின் ஒரு காலை ஒரு பின்னுக்கும், மறு காலை எல்லாவற்றுக்கும் பொதுவான தரைக் கம்பிக்கும் இணைத்தால் வேலை முடிந்தது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு வேண்டாம், பல விசைகள் ஒரே கம்பியைப் பகிரும் மேட்ரிக்ஸ் வேண்டாம், ஒன்றாக அழுத்திய விசைகள் ஒன்றையொன்று குழப்பும் பேச்சே இல்லை. முதல் கட்டுமானத்துக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

புரோ மைக்ரோ போலப் பின்கள் குறைந்த பலகையே கையில் இருந்தால், விசைகளை ஐந்துக்கு ஐந்து மேட்ரிக்ஸாக அமைத்துப் பத்துப் பின்களில் முடிக்கலாம். அப்போது ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 1என்4148 டையோடு கட்டாயம். இல்லாவிட்டால், மேட்ரிக்ஸில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை அழுத்தும்போது நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும். தட்டச்சுப் பலகையில் இது எப்போதாவது நேரும். ஒரே அடியில் பத்து விசை விழும் ஸ்டெனோவில் இது அடிக்கடி நேரும். டையோடின் கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும்.

கம்பி இணைக்கும் வேலை, சுவிட்சுகளைப் பொருத்திய தட்டைக் கவிழ்த்து வைத்துச் செய்யப்படுவது. அடியிலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். ஆகவே தொடங்கும் முன்பே தட்டின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு சுவிட்சின் பக்கத்திலும் அதன் பெயரையும், அது செல்லவேண்டிய பின் எண்ணையும் எழுதிவிடுங்கள். தட்டில் சுவிட்சுக்கான துளை 14 மில்லிமீட்டர் சதுரம். எம்எக்ஸ் வகைக்குத் தட்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டர். அதைவிடத் தடித்தால் சுவிட்சின் கொக்கி தட்டைப் பிடிக்காது. ஸ்டெனோ அடி வலுவாக விழுவதால் தட்டு நடுவில் வளையாமலிருக்க அடியில் ஒரு தாங்கு தூண் வையுங்கள். மேசையில் பலகை நகராமலிருக்க ரப்பர் கால்களும் தேவை.

ஃபர்ம்வேரும் இணைப்பும்

க்யூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேரில் ஸ்டெனோ வசதி உள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, ஜெமினி பிஆர் என்ற நெறிமுறையைத் தேர்ந்தெடுத்து, பின்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் உரிய ஸ்டெனோ விசைப் பெயரை எழுதித் தொகுக்க வேண்டும். பிக்கோவின் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி கணினியில் செருகினால் அது ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும். தொகுத்த யுஎஃப்2 கோப்பை அதற்குள் போட்டதும் மறுதொடக்கம் ஆகி ஸ்டெனோ இயந்திரமாகிவிடும். புரோ மைக்ரோவின் சிப்பில் யுஎஸ்பி இணைப்புவாய்கள் குறைவு. அங்கே சுட்டி விசை போன்ற கூடுதல் வசதிகளை அணைத்தால்தான் ஸ்டெனோவுக்கு இடம் கிடைக்கலாம்.

ஜெமினி பிஆர் எளிய நெறிமுறை. ஓர் அடிக்கு ஆறு பைட்டுகள். முதல் பைட்டில் மட்டும் உச்ச பிட் 1, மற்ற ஐந்திலும் 0. மீதமுள்ள ஏழேழு பிட்டுகள் சேர்ந்து 42 விசைகளின் நிலையைச் சொல்லும். க்யூஎம்கேயை விரும்பாதவர் தாமே ஃபர்ம்வேர் எழுதினாலும் ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடலாம். விசைகளின் நிலையை எடுத்துக்கொண்டே போய், அழுத்தப்பட்டவற்றைச் சேர்த்து வைத்து, எல்லாம் விடுபட்டதும் ஆறு பைட்டுகளை அனுப்பிவிட்டு நினைவைச் சுத்தம் செய்வதுதான் முழு வேலையும். ஜாவலின் என்ற ஃபர்ம்வேர் இன்னொரு வழியில் போகிறது: எந்த அடிக்கு எந்தச் சொல் என்று சொல்லும் அகராதியையே சிப்பின் நினைவகத்தில் வைத்து, அடிகளைச் சொற்களாக மாற்றும் வேலையையும் பலகையிலேயே முடித்துவிடுகிறது. மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத கணினிகளிலும் ஸ்டெனோ எழுத வேண்டியவருக்கு இது பெரிய வசதி.

கணினிப் பக்கத்தில், பிளோவரின் இயந்திரப் பட்டியலில் ஜெமினி பிஆரைத் தேர்ந்து, பலகை இணைந்திருக்கும் தொடர் துறையை (சீரியல் போர்ட்) காட்ட வேண்டும். லினக்ஸின் சில வகைகளில் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் அந்தத் துறை திறக்கும்.

பிறகு, அழுத்திய விசைகளைக் காட்டும் பிளோவரின் காகிதச்சுருள் சாளரத்தைத் திறந்து விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஓர் அழுத்தத்துக்கு இரண்டு விசைகள் தெரிந்தால், பக்கத்துப் பின்களுக்கிடையே சாலிடர் வழிந்து பாலமாகியிருக்கும். ஒரு விசை மட்டும் வரவே இல்லையென்றால், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்துச் சுவிட்சின் காலிலிருந்து பின் வரை தொட்டுப் பாருங்கள். மங்கலாக, உருண்டையாக நிற்கும் சாலிடர்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஒவ்வொன்றும் சரியாக இருந்தும், வேகமாக எழுதும்போது ஒரு முழு அடிக்குப் பின்னால் ஒற்றை விசை அடி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தச் சுவிட்சின் தகடு விடுபடும் கணத்தில் அதிர்ந்து இரண்டாம் முறை தொடுகிறது என்று பொருள். க்யூஎம்கேயில் அதிர்வுத் தடுப்பு நேரம் இயல்பாக 5 மில்லிவினாடி. அதைப் பத்தாக உயர்த்திப் பாருங்கள். ஸ்டெனோவில் அந்தத் தாமதம் உணரப்படாது. அதன் பிறகும் தொடர்ந்தால் சுவிட்சையே மாற்றிவிடலாம்.

பழைய இயந்திரங்களைத் திருத்துதல்

தொழில்முறையில் பயன்பட்டு ஓய்வுபெற்ற ஸ்டெனோ இயந்திரங்கள் இரு வகையாகக் கைக்கு வரும். மின்னணு வகையில் ஏற்கெனவே தொடர் துறை இருக்கும். பழைய மாதிரிகளில் பலவற்றின் நெறிமுறைகளைப் பிளோவர் அறியும். பொருத்தமான கேபிளும் யுஎஸ்பி மாற்றியும் இருந்தால் போதும். ஆனால் அந்தத் துறையில் ஆர்எஸ்-232 என்ற பழைய தொடர் இணைப்பு முறைப்படி கூட்டலும் கழித்தலுமாக 15 வோல்ட் வரை வரக்கூடும் என்பதால், அந்தக் கம்பியை 3.3 வோல்ட்டில் இயங்கும் பிக்கோவின் பின்னில் நேரடியாகத் தொட்டுவிடாதீர்கள். நடுவே மேக்ஸ்3232 போன்ற மட்டமாற்றி வேண்டும். உள்ளே நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால், வேறெதையும் செய்யும் முன் அது கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்த இரசாயனம் செம்புத் தடங்களை அரிக்கும்.

மற்றது, மின்சாரமே இல்லாமல் காகிதச் சுருளில் அச்சிடும் நெம்புகோல் இயந்திரம். விரலுக்கு இதைவிட இனிமையான விசை நான் பார்த்ததில்லை; நீண்ட நெம்புகோல் ஓர் அச்சில் சுழல்வதால் இறக்கம் சீராக இருக்கும், ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் திருகாணியால் மாற்றலாம். இதைக் கணினியுடன் இணைக்க, ஒவ்வொரு நெம்புகோலின் அடியிலும் சிறு காந்தம் ஒன்றை ஒட்டி, அதற்கு எதிரே, காந்தத்தை உணரும் ஹால் உணரியை நிறுத்தினால் போதும். உராய்வு ஏதும் சேராததால் விசையின் உணர்வு மாறாது. வாங்கும்போது, காந்தம் விலகியதும் தானாக அணையும் வகையைக் கேளுங்கள். எதிர்த்துருவம் வரும் வரை நிலைத்து நிற்கும் வகை இங்கு உதவாது. பரவலாகக் கிடைக்கும் ஏ3144 உணரிக்குக் குறைந்தது 4.5 வோல்ட் தேவை. அதற்கு யுஎஸ்பியின் 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, வெளியீட்டுக் காலை மட்டும் ஒரு மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்தால் பிக்கோவுக்குப் பாதுகாப்பானது; அதன் வெளியீடு தானாக மின்னழுத்தம் தராமல் தரைக்கு மட்டும் இழுக்கும் திறந்த கலெக்டர் வகை என்பதால் இது சாத்தியமாகிறது. உணரிகளை ஒரு நீளத் துண்டுப் பலகையில் வரிசையாகச் சாலிடர் செய்து, இயந்திரத்தின் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள திருகுத் துளைகளைக் கொண்டே அதைப் பொருத்துங்கள். புதிதாகத் துளையிடவோ சட்டத்தை வெட்டவோ வேண்டாம். இப்படிப்பட்ட இயந்திரங்கள் இனிமேல் செய்யப்படப் போவதில்லை. அடுத்து வருபவர் உணரிப் பலகையைக் கழற்றிவிட்டு மை நாடாவைப் போட்டு மறுபடி காகிதத்தில் அச்சிட முடிய வேண்டும்.

காந்தங்களை ஒட்டும்போது முதலில் மெழுகால் தற்காலிகமாக நிறுத்தி, நெம்புகோல் பாதி இறங்கும் இடத்தில் உணரி மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே நிரந்தரப் பசையைத் தடவுங்கள். பக்கத்து நெம்புகோலின் காந்தமும் அதே உணரியைத் தூண்டினால், காந்தத்தைச் சிறியதாக்கி உணரிக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும்.